மொரிஸ் மைனரா, வொக்ஸ்வேகனா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் 2025இல் அது மீண்டும் திறக்கப்படும் வரை, பழைய கார் ஒன்றில் பணத்தைப் போடலாமா என்று என்னிடம் கேட்ட வியாபாரிகள் பலர். இன்றும் கேட்கிறார்கள். பேச்சு கடைசியில் வந்து நிற்பது மொரிஸ் மைனரிலும் வொக்ஸ்வேகன் பீட்டிலிலும்தான்.

விற்பவர் முதலில் சொல்வது குதிரைவலுவை. 1962க்குப் பிந்திய மைனரின் 1098 சீசீ எஞ்சினுக்கு 48 என்பார்கள். அறுபதுகளின் வொக்ஸ்வேகன் 1200க்கு ஒருவர் 40 என்பார், மற்றவர் 34 என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. 40 என்பது அமெரிக்க முறைப்படி எஞ்சினைத் தனியாக வைத்து அளந்தது. 34 என்பது ஜேர்மன் முறைப்படி, காரில் உள்ளவாறே சைலன்சர் முதலியவற்றைப் பூட்டி அளந்தது. சாக்கோடு நிறுத்த நிறையும் சாக்கைக் கழித்த நிறையும் போலத்தான்.

ஆகவே ரோட்டுக் கணக்கைப் பார்ப்பதே நல்லது. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட மைனருக்கு 25 செக்கன் அளவிலும், வொக்ஸ்வேகனுக்கு 30 செக்கன் அளவிலும் செல்லும். உச்ச வேகம் இரண்டுக்கும் 70 மைலுக்குச் சற்று மேல். ஆனால் வொக்ஸ்வேகனை அந்த உச்ச வேகத்திலேயே நாள் முழுக்க ஓட்டலாம். எஞ்சின் அப்படி அமைக்கப்பட்டது. ரேடியேட்டர் இல்லாததால் ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கும் பேச்சே இல்லை. ஃபேன் பெல்ட் அறுந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டும், காற்றுதான் எஞ்சினைக் குளிர்விக்கிறது. மைனரின் பலம் ஸ்டியரிங். வளைவுகளில் அது சொன்னபடி கேட்கும்.

எனது தெரிவு மைனர். காரணம் வேகமல்ல, உதிரிப்பாகம். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் நிலையத்துக்காக இலங்கையிலேயே பாகங்கள் செய்து அனுப்பப்பட்டன. மைனரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள்.

சாமான் ஏற்ற டிரவலர் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பின்னால் உள்ள மரச்சட்டம் அலங்காரமல்ல, பொடியைத் தாங்குவதே அதுதான். மரம் உக்கியிருந்தால் தச்சுக் கூலி எஞ்சின் வேலையையும் தாண்டிவிடும்.

மைனரில் முன் சில்லுகளைத் தாங்கும் கீழ்ப்புறப் புரிகளைக் கட்டாயம் பாருங்கள். ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காமல் தேய்ந்திருந்தால் ஓட்டத்திலேயே சில்லு மடிந்துவிடும். வொக்ஸ்வேகனில் பின் ஆசனத்தைத் தூக்கி, பெட்டரிக்குக் கீழுள்ள தகட்டைப் பாருங்கள், அசிட் தின்றிருக்கும். எந்தக் காராயினும் புக்கில் உள்ள எஞ்சின் இலக்கத்தை எஞ்சினோடு ஒப்பிடுங்கள். வேறு எஞ்சின் ஏற்றியிருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிவு செய்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.