ஒப்படைத்த பொருளும் ஏற்ற கையும்

பொருளை விற்பவரின் பொறுப்பு ஒருவகை. பிறர் பொருளைத் தம் கையில் ஏற்பவரின் பொறுப்பு வேறொருவகை. ஏற்றவர், பெற்ற நிலையினின்றும் குறையாது அதனைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். தையற்காரருக்கும் பொற்கொல்லருக்கும் கடிகாரம் திருத்துபவருக்கும் பொருந்தும் இந்த அறம், மோட்டார் வண்டியைச் ‘சேர்விஸ்’ செய்யும் முகவர் நிலையத்துக்கும் பொருந்தும். கட்டணம் கூடுதலாயினும் முகவரிடமே வண்டியை விடுவோர், அந்த நம்பிக்கைக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றனர்.

அங்கு நேரும் சேதங்கள் பல மிகச் சிறிய கவனக்குறைவிலிருந்தே பிறக்கின்றன. இயந்திரத்தின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி இன்று பல வண்டிகளில் அலுமினியத்தாலானது. அதன் திருகை மிகை வலிமையுடன் முறுக்கினால் புரி அறுந்து எண்ணெய் கசியத் தொடங்கும். பழைய எண்ணெய் வடிகட்டியைக் கழற்றும்போது அதன் இறப்பர் வளையம் சிலவேளை இயந்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதனைக் கவனியாது புதியதைப் பூட்டினால், இரு வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்து, அழுத்தம் தாங்காது எண்ணெய் பீறிடும். எண்ணெய் வற்றிய இயந்திரத்தின் தாங்கிகள் சில நிமிடங்களிலேயே அழிந்துபோகக்கூடும். சிறிய கார்கள் பலவற்றின் சக்கர நட்டுகளுக்கு ஏறத்தாழ 100 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசை போதும். காற்றினால் இயங்கும் கருவிகொண்டு அவற்றை அளவின்றி இறுக்கினால் ஆணிகள் வலுவிழக்கும். ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்தால் வண்டியின் அடிவிளிம்பு நெளியும்.

இவற்றைத் தவிர்க்க அரிய கலை எதுவும் வேண்டியதில்லை. ஒரு துணியால் துடைத்துப் பார்த்தலும், முறுக்குவிசையைக் காட்டும் சாவியைக் கையில் எடுத்தலும் போதும். ஆயின், வண்டிகளின் தொகையை எண்ணி வேலை நடக்குமிடத்தில், முதலில் களவுபோவது அந்த ஒரு நிமிடப் பொறுமையே.

பொறுப்பேற்றவரின் கடமையை மனித குலம் மிகப் பழைய நாளிலேயே உணர்ந்திருந்தது. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹமுராபியின் சட்டம், தான் கட்டிய படகு அவ்வாண்டிலேயே பழுதுற்றால், தன் செலவிலேயே அதனைச் செப்பனிட்டுக் கொடுக்கும்படி படகு கட்டியவனைப் பணித்தது. தொழிலில் திறமையின்மையும் கவனக்குறைவாகவே கணிக்கப்படும் என்பது உரோமச் சட்டத்தின் கொள்கை. ஒல்லாந்தரோடு இலங்கைக்கு வந்து இன்றும் நம் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையாயிருக்கும் உரோம-டச்சுச் சட்டம் அதன் வழிவந்ததே. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும், வணிகர் வழங்கும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் அமைதல் வேண்டும் என்கிறது.

சிலப்பதிகாரத்தின் மாதரியை எண்ணிப் பாருங்கள். அடைக்கலமாக ஏற்றவர்களுக்கு நேர்ந்த கேட்டில் அவள் கைப்பிழை எதுவுமில்லை. ஆயினும் அதனைப் பொறாது அவள் தீப்புகுந்தாள். திருத்தகத்தாரிடம் அத்தகைய தியாகத்தை எவரும் கேட்கவில்லை. “இது எங்கள் கையில் நிகழ்ந்தது, நாங்களே சீர்செய்கிறோம்” என்ற ஒரு வார்த்தையைத்தான் கேட்கின்றனர். அந்த வார்த்தை எளிதில் வருவதில்லை. “வண்டி பழையது”, “முன்னரே இருந்த பழுது” என்ற மறுமொழிகளே முந்திக்கொள்கின்றன.

ஆதலால் வண்டிக்கு உரியவர் விழிப்பாயிருத்தல் வேண்டும். விடுமுன் வண்டியின் நாற்புறத்தையும் ஓடிய தூரத்தையும் படம் பிடித்துக்கொள்ளலாம். எடுக்கும்போது எண்ணெய் மட்டத்தைப் பார்த்து, தரையில் கசிவு உண்டா என நோக்கல் நன்று. வழியில் எண்ணெய் விளக்கு எரிந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சேதம் பெருகும். பழியும் ஓட்டியவர்மேல் திரும்பும். பழுதை வேறிடத்தில் திருத்துவதற்கு முன், அதனை முகவருக்கு எழுத்தில் அறிவித்தல் இன்றியமையாதது. திருத்திய பின் சான்று மறைந்துவிடும். சார்பற்ற பொறியியலாளர் ஒருவரின் அறிக்கையும் பற்றுச்சீட்டும் கையிலிருந்தால், கோபச் சொற்களுக்குத் தேவையிராது. முகவர் செவிசாய்க்காவிடின், சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம்.

இந்நாட்டில் இது சிறு விடயமன்று. 2020ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. அவ்வாண்டுகளில் பழைய வண்டியைப் பேணிக் காத்தவர்களுக்கு அது எளிதில் மீண்டும் வாங்கக்கூடிய பொருளன்று. பல ஆண்டுச் சேமிப்பு. அதன் திறப்பைக் கை நீட்டிப் பெறுகிறவர், ஒரு குடும்பத்தின் உழைப்பையும் உடன் பெறுகிறார். பெற்றபடியே திருப்பிக் கொடுப்பது அவர் காட்டும் சலுகையன்று. அவர் பட்ட கடன்.