நியூட்ரினோ ஆபத்தா... தேனி மக்கள் கேட்டது அதை மட்டும்தானா?

'நியூட்ரினோ' என்ற வார்த்தையை நான் முதன்முதலில் படித்தது அறிவியல் புத்தகத்தில் இல்லை, டீக்கடைச் சுவரில். 2015 ஜனவரி, பொங்கல் லீவு. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அம்மாச்சி ஊர் தேனி மாவட்டத்தில், தேவாரம் பக்கம். சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் மலையைக் குடையாதே, மக்களை அழிக்காதே என்கிற மாதிரி வாசகங்கள். அந்த மாதம்தான் பொட்டிபுரத்தில் அமையவிருந்த இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு, சுமார் 1,500 கோடி ரூபாய் செலவில், மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாச்சியிடம் கேட்டேன். "என்னமோ அணுகுண்டு செய்யப் போறாங்களாம் தாயி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது கெடக்கட்டும். மலைக்குள்ள வெடி வச்சா நம்ம கெணத்துல தண்ணி நிக்குமா? உங்க சார்கிட்ட கேட்டுச் சொல்லு" என்றார்.

லீவு முடிந்து போய் சாரிடம் கேட்டேன். நியூட்ரினோ எவ்வளவு சாதுவான துகள் என்று அருமையாக விளக்கினார். கிணற்றைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

பத்து வருஷம் கழித்து, இந்தக் கட்டுரைக்காகப் பழைய செய்திகள், தீர்ப்புகள், விளக்க அறிக்கைகள் என்று ஒவ்வொன்றாகப் புரட்டியபோது எங்கள் வகுப்பறையில் நடந்ததுதான் ஞாபகத்துக்கு வந்தது. நாடு முழுக்கவும் ஏறக்குறைய அதேதான் நடந்திருக்கிறது.

நகத்தின் மேல் 6,500 கோடி

முதலில் அந்தத் துகளைப் பற்றி. சூரியனிலிருந்து கிளம்பும் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தில், ஒரு நொடிக்கு ஏறக்குறைய 6,500 கோடி என்ற கணக்கில் நுழைந்து வெளியேறுகின்றன. இதை நீங்கள் படிக்கும்போதும் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. அதற்கு மின்னூட்டம் கிடையாது, எடையும் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். உடம்பு, சுவர், மலை, மொத்த பூமி என எதிலும் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும். எதனோடும் ஒட்டாததால் யாருக்கும் தீங்கில்லை. பிடிப்பதும் கஷ்டம்.

அப்படியென்றால் மலைக்குள் எதற்குப் போக வேண்டும்? வானத்திலிருந்து வேறு துகள்களும் மழையாகக் கொட்டுகின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் காதோடு பேசுவதைக் கேட்க முடியாது இல்லையா, அதுபோல அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் தடம் காணாமல் போய்விடும். தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் மற்றவை தடுக்கப்படும், நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும். அதற்காகத்தான் பொட்டிபுரம் அருகே உள்ள அம்பரப்பர் மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம். அதன் முடிவில் 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலத்தில் ஒரு குகை. குகைக்குள் 50,000 டன் இரும்பில் ஒரு காந்தக் கருவி. இந்தக் கருவி நியூட்ரினோவை உற்பத்தி செய்யாது. காற்றுமண்டலத்தில் உருவாகித் தானாக வருவதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆகவே கதிர்வீச்சு வரும், குழந்தைகள் ஊனமாகப் பிறக்கும், இது ரகசிய ஆயுதத் திட்டம் என்றெல்லாம் அன்று வாட்ஸ்அப்பில் சுற்றியவை பொய். இதில் நான் இரண்டு பக்க நியாயம் பேசப் போவதில்லை.

ஆனால், அந்தப் பொய்யை மக்கள் ஏன் நம்பினார்கள்? திட்டத்தை நடத்தியது அணுசக்தித் துறை. 2011-ல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததை ஊரே டி.வி-யில் பார்த்து அப்போது நாலு வருஷம்கூட ஆகவில்லை. 'அணு' என்ற வார்த்தையைத் தாங்கிய ஒரு துறை, ஊர் மலைக்குள் குகை வெட்டப் போகிறது என்றால் அணுக்கழிவைக் கொண்டுவந்து கொட்டுவார்களோ என்று சந்தேகம் வருவதில் ஆச்சர்யம் என்ன இருக்கிறது?

உலகம் அழியும் என்று பயந்த நாள்

துகள் ஆராய்ச்சியைப் பார்த்துப் பயந்தவர்கள் தேனிக்காரர்கள் மட்டும் இல்லை. 2008 செப்டம்பர் 10 ஞாபகம் இருக்கிறதா? ஜெனீவா அருகே, செர்ன் ஆய்வு மையத்தின் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள இயந்திரத்தை ஓடவிட்ட நாள். கருந்துளை உருவாகி பூமியை விழுங்கிவிடும் என்று நம் ஊர் சேனல்கள்கூட அலறின. அமெரிக்காவில் அந்த இயந்திரத்தைத் தடுக்கச் சொல்லி வழக்கே போட்டார்கள். அதைவிட அதிக ஆற்றலுள்ள விண்கதிர்கள் பல நூறு கோடி ஆண்டுகளாக பூமியின் மேல் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன, ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள் விஞ்ஞானிகள். மறுநாள் விடிந்தது. பயமும் போய்விட்டது. ஒன்பதே நாளில் ஹீலியம் கசிந்து அந்த இயந்திரமே பழுதாகி ஒரு வருஷத்துக்கு மேல் நின்றுபோனது தனிக்கதை.

தேனியின் பயம் ஏன் அப்படி மறுநாளே போகவில்லை என்று கேட்டால், அது வெறும் துகளைப் பற்றிய பயமாக இல்லை என்பதுதான் என் பதில். ஆடும் மலைமாடும் மேய்கிற இடம், காட்டுக்குப் போகிற பாதை, கிணற்றில் ஊறுகிற தண்ணீர் என்று கண்ணுக்குத் தெரிந்த விஷயங்கள் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன.

அந்தக் குகைக்கு எவ்வளவு பாறையை வெளியே எடுக்க வேண்டும் என்று கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். சுரங்கத்தின் அகலமும் உயரமும் ஏழரை மீட்டர், குகையின் உயரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 1,80,000 கன மீட்டர். எடையில் சுமார் 5 லட்சம் டன். ஒரு லாரிக்கு 20 டன் என்றால் 25,000 லோடு. அத்தனையும் எங்கள் ஊர் ரோட்டில் வர வேண்டும். (அம்மாச்சி ஊர் ரோட்டில் டவுன் பஸ் எதிரே வந்தாலே பைக்கை ஓரமாக நிறுத்திவிடுவோம்.) வெடி அதிர்வு கட்டுப்பாட்டுக்குள்தான் இருக்கும், தண்ணீரும் அதிகம் தேவைப்படாது என்று ஆய்வகத் தரப்பு சொல்லியிருந்தது. கிராமங்களுக்கும் பள்ளிகளுக்கும் போய் விளக்கவும் செய்தார்கள். அப்துல் கலாமும் 2015-ல் திட்டத்தை ஆதரித்து எழுதினார். ஆனால் அந்த விளக்கங்களில் பெரும்பாலானவற்றை இப்போது படித்தால், முதல் பத்தியிலேயே 'நியூட்ரினோ தீங்கற்றது' என்று ஆரம்பிக்கின்றன. பாறையும் லாரியும் கடைசியில்தான் வருகின்றன.

எதிர்த்தவர்களும் இதே தவறைத்தான் செய்தார்கள். மேடையில் கைதட்டல் வாங்கியது கதிர்வீச்சும், முல்லைப்பெரியாறு அணை உடையும் என்கிற பேச்சும்தான். காட்டைப் பற்றிய வாதம் நீதிமன்றக் கட்டுகளுக்குள் இருந்தது. மேடைப் பேச்சின் சூடு எங்கே போய் முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 31-ல் மதுரையிலிருந்து நடைப்பயணம் தொடங்கிய இடத்தில் ஒரு கட்சித் தொண்டர் தீக்குளித்தார். சில நாள்களில் இறந்துபோனார்.

பாறைக்குள் ஏற்கெனவே போனவர்கள்

இந்தியாவுக்கு இந்த ஆராய்ச்சி புதிது இல்லை. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், காற்றுமண்டல நியூட்ரினோவின் தடத்தை உலகிலேயே முதலில் கண்டவர்களில் நம் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இருந்தார்கள். அந்தச் சுரங்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். தங்கத்துக்காக ஏற்கெனவே வெட்டிய குழிக்குள் கருவியை இறக்கினார்கள், அதனால் புதிதாக ஒரு மலையைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. ஜப்பானின் கமியோகா, கனடாவின் சட்பரி ஆய்வகங்களும் சுரங்கங்களுக்குள் வந்தவைதான். 2015-ல் இயற்பியல் நோபல் அந்த இரண்டு இடத்துக் கண்டுபிடிப்புகளுக்குத்தான் போனது.

இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகம் நெடுஞ்சாலைச் சுரங்கத்தை ஒட்டி, மலைக்கு அடியில் இருக்கிறது. அந்த மலைதான் சுற்றுவட்டாரத்துக்குக் குடிதண்ணீர். 2002-ல் அங்கே நியூட்ரினோவைப் பிடிக்க வைத்திருந்த ரசாயனத் திரவம் கசிந்து ஓடைத் தண்ணீரில் கலந்தது. மக்கள் கொதித்தார்கள், வழக்கு நடந்தது, ஆய்வகத்தின் ஒரு பகுதிக்கு சீல் வைக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்களும் நியூட்ரினோவைக் குற்றம் சொல்லவில்லை, தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார்கள். பொட்டிபுரத்தில் வரவிருந்தது இரும்பும் வாயு நிரப்பிய கண்ணாடித் தட்டுகளும்தான், அந்தத் திரவம் இல்லை. இருந்தாலும் தண்ணீரைப் பற்றி அம்மாச்சி கேட்டது படிக்காதவர் கேள்வி என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

அப்பார்ட்மென்ட் கட்டும் வகை

உண்மையில் இந்தத் திட்டத்தை மடக்கியது வதந்தி இல்லை. முதலில் நீலகிரியின் சிங்காராவைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகம் பக்கத்தில் இருக்கிறது, யானைகள் நடமாடும் வழி என்று 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே மறுத்துவிட்டது. பிறகுதான் பொட்டிபுரம். அங்கே 2015-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அடுத்த வருஷமே, சிறப்பு நேர்வாகக் கருதி, மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. எந்த வகையில் தெரியுமா? 'கட்டடக் கட்டுமானத் திட்டம்' என்ற வகையில். அடுக்குமாடிக் குடியிருப்புகள் வருகிற அதே வகை! விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் மலையைக் குடைவதை அப்பார்ட்மென்ட்டோடு சேர்த்தால், மலையடிவாரத்தில் இருப்பவர் அதைப் படித்து என்ன நினைப்பார்?

2018 நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்ய மறுத்தாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்றது. 2021-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடும்படி பிரதமரிடம் கேட்டார். 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் அனுமதி தர முடியாது என்று தெரிவித்தது. அந்த மனுவில் கதிர்வீச்சு பிரதானம் இல்லை. பெரியாறு பகுதியையும் மதிகெட்டான் சோலையையும் இணைக்கிற புலிகளின் வழித்தடம், ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி, அடிவாரத்து மக்களின் பிழைப்பு. அம்மாச்சி கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் வந்த முதல் அரசு ஆவணம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

செர்ன் பக்கம் ஒரு விஷயம் தேடியபோது 1953-க்குப் போய்விட்டேன். ஹிரோஷிமா நடந்து எட்டே வருஷம். அணு ஆராய்ச்சி மையம் இங்கே வந்தால் நாட்டின் நடுநிலைமை கெட்டுவிடும் என்று ஜெனீவாவிலும் எதிர்ப்பு கிளம்பியிருக்கிறது. அந்த ஜூன் மாதம் ஜெனீவா மாநில மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆதரவு 16,539, எதிர்ப்பு 7,332. அதன் பிறகே மண்ணைத் தோண்டினார்கள். இன்று அந்த வளாகத்தில் இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த நடராஜர் சிலை நிற்கிறது. தேனியில் யாரும் வாக்குப்பெட்டி வைக்கவில்லை. வைத்திருந்தால் எதிர்ப்புதான் ஜெயித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் வாக்கு கேட்கப் போகிறவர் கிணற்றைப் பற்றியும் பதில் வைத்துக்கொண்டுதானே போக வேண்டும்?

நஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று வகை நியூட்ரினோ எடைகளின் வரிசை என்ன என்பதுதான் அந்த 50,000 டன் காந்தம் தேடவிருந்த விடை. அதே விடையைத் தேடி சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்ட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. நம்மிடம் இருப்பது மதுரையில் 85 டன்னில் ஒரு மாதிரிக் கருவி. ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இயற்பியல் படித்துவிட்டு அதற்காக வெளிநாடு போக வேண்டியதில்லை என்ற நிலை வந்திருக்கலாம்.

போன வாரம் அம்மாச்சியிடம் போனில் சொன்னேன், சீனாக்காரன் ஆரம்பித்துவிட்டான் என்று. "ஆரம்பிக்கட்டும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மலையில ஆடு மேயுதா, கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை அம்மாச்சி. கேட்டுச் சொல்கிறேன்.