சிறு நாடுகளின் பொருள்நிலை

பரந்த நாட்டில் ஒரு பகுதி புயலாற் கெடின் மற்றொரு பகுதி அதனைத் தாங்கும். சிறிய நாடோ விளைப்பது ஒன்றிரண்டு பொருள்களே. ஏனையவற்றைக் கடல் கடந்தே பெறவேண்டும். அதன் விளைபொருளுக்கு விலை குறிப்பதும் அயலார் சந்தையே. ஆதலின் ஒரு புயலோ, ஒரு விலைச்சரிவோ நாடு முழுவதையும் உலுக்கிவிடுகின்றது.

மால்ட்டாத் தீவின் பொருளியலறிஞர் லினோ பிரிகூலியோ இதனை இரு கூறாக்கி விளக்கினார். எளிதில் ஊறுபடும் தன்மை நாட்டின் அளவோடும் அமைப்போடும் உடன்பிறந்தது. அவ்வூற்றைத் தாங்கி மீளும் ஆற்றலோ நல்லாட்சியாலும் முன்யோசனையாலும் தேடிக்கொள்வது. 1968-ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற இரு தீவுகளே இதற்குச் சான்றாம்.

பசிபிக் மாகடலிலுள்ள நவ்ரு 21 சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது. அங்கு அகழ்ந்தெடுத்த பாஸ்பேட் அயல்நாட்டு வயல்களுக்கு உரமாயிற்று. 1970-களில் தலைவீத வருமானத்தில் நவ்ரு உலகின் முன்வரிசையில் நின்றது. ஒரு பகுதியைச் சேமநிதியாக வைத்தனரெனினும், வீண்செலவும் தவறான முதலீடும் அதனை அரித்தன. நூற்றாண்டின் இறுதியில் பாஸ்பேட் பெரும்பாலும் தீர்ந்தது; எஞ்சியவை கடனும் பாழ்பட்ட உள்நிலமுமே.

இந்துமாகடலிலுள்ள மொரீசியசு, தன் பணத்தாள்களில் தமிழெழுத்தும் பொறித்துள்ள நாடு. அதன் தொடக்கமும் நம்பிக்கை தருவதாயில்லை. ஏற்றுமதியிற் பத்தில் ஒன்பது பங்கு சர்க்கரை. 1960-இல் கரோல் என்னும் புயல் வீடுகளையும் கரும்பையும் ஒருங்கே அழித்தது. மறு ஆண்டில் ஜேம்ஸ் மீட் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் அதன் எதிர்காலம் குறித்துப் பெரிதும் ஐயுற்றார்.

ஆயினும் 1970-இல் ஏற்றுமதித் தொழில்களுக்குச் சலுகையளிக்கும் சட்டம் பிறந்தது. சில ஆண்டுகளிற் சர்க்கரை விலை உயர்ந்தபோது, அவ்விலாபத்தின் ஒரு பகுதி ஆடைத் தொழிற்சாலைகளாகவும் விடுதிகளாகவும் உருப்பெற்றது. 1977 முதல் இடைநிலைக் கல்வியும் கட்டணமின்றிக் கிடைத்தது. ஆதலின் ஐரோப்பியர் சர்க்கரைக்கு அளித்துவந்த உறுதிவிலை 2009-இல் நீங்கியபோது நாடு தளர்ந்ததேயன்றி வீழ்ந்திலது.

இதனால் ஊறுபடும் தன்மை ஒழிந்ததெனக் கருதற்க. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றிற் பயணிகள் வரவு நின்றதும் அந்நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சுருங்கிற்று. சிறுமை நீங்குவதன்று. வரவு மிக்க ஆண்டுகளில் அவ்வரவை எதுவாக மாற்றிவைத்தோம் என்பதே வறண்ட ஆண்டுகளில் நாட்டைக் காப்பது. நவ்ருவும் மொரீசியசும் வேறுபட்டது இவ்வோரிடத்திலேயாம்.