பிரிஞ்சாங் மூடுபனியில் எந்தக் கேமரா?

மாணவர்களே, ஆண்டு இறுதி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் என் வகுப்பில் ஒரு கேள்வி எழும். "சார், எத்தனை மெகாபிக்சல் கேமரா வாங்கலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள். கையில் இருப்பது தீபாவளி அங்பாவ் பணமும், அப்பா அம்மா கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்துத் தந்த தொகையும்தான். இந்தப் பணத்தில் ஒரு முறைதான் வாங்க முடியும். அதனால் கேள்வியையே சற்று மாற்றிக் கேட்டுப் பார்ப்போம்.

மெகாபிக்சல் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஏ4 தாள் அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற நல்ல தரத்தில் ஒரு படத்தை அச்சிட 3,508 × 2,480 புள்ளிகள் வேண்டும். பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 87 இலட்சம், அதாவது 8.7 மெகாபிக்சல். கடந்த பத்து ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த லென்ஸ் மாற்றும் கேமராக்கள் எல்லாமே இதைத் தாண்டியவை. 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவ் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமராவில் 100 × 100, மொத்தமே 10,000 புள்ளிகள். ஒரு படத்தைக் காசெட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் ஆயின. அன்று புள்ளி எண்ணிக்கை பெரிய கவலை. இன்று அது கடைக்காரர்கள் சொல்ல வசதியான எண், அவ்வளவுதான்.

நாம் கேட்க வேண்டியது வேறு: நான் படம் எடுக்கப்போகும் இடத்தில் எவ்வளவு ஒளி இருக்கிறது?

பிரிஞ்சாங்கையே எடுத்துக்கொள்வோம். வெயில் அடிக்கும் காலையில் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவை உங்கள் கைப்பேசியே அழகாக எடுத்துவிடும். அதற்காகக் கேமரா வாங்க வேண்டாம். ஆனால் பிற்பகலில் மூடுபனி இறங்கிய பிறகு? 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த குனோங் பிரிஞ்சாங்கில், பாசி போர்த்திய மரங்களுக்கு அடியில்? லயத்து வீட்டின் சமையலறையில், ஒற்றை விளக்கின் கீழ், காலமெல்லாம் கொழுந்து பறித்த பாட்டியின் முகத்தை? என்னைக் கேட்டால், கேமரா வாங்க இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும். பச்சைச் சரிவை ஆயிரம் சுற்றுப்பயணிகள் எடுத்துவிட்டார்கள். உங்கள் பாட்டியை நீங்கள்தான் எடுக்க வேண்டும். அந்த வீடும் பாட்டியும் எப்போதும் அப்படியே இருக்கப்போவதில்லை.

இந்த மூன்று இடங்களிலும் பிரச்சினை ஒன்றுதான்: ஒளிக் குறைவு. ஒளி, ஒளித்துகள்களாக மழைத்துளிபோல் வந்து விழுகிறது. வாசலில் ஓர் அண்டாவையும் ஒரு குவளையையும் வையுங்கள். இரண்டிலும் விழுவது ஒரே மழைதான், ஆனால் அண்டாவில்தான் அதிக நீர் சேரும். கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சென்சாரும் அப்படித்தான். 'ஃபுல் ஃபிரேம்' சென்சாரின் பரப்பு 36 × 24 = 864 சதுர மி.மீ. தொடக்கநிலைக் கேமராக்களில் பரவலாக உள்ள 'ஏபிஎஸ்-சி' சென்சார் சுமார் 330 முதல் 370 சதுர மி.மீ. 'மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ்' வகை 225. பெரும்பாலான கைப்பேசிகளில் இது 100ஐக்கூடத் தாண்டாது.

பரப்பு கூடினால் என்ன இலாபம்? ஒளித்துகள்கள் சீராக வருவதில்லை. சராசரியாக 100 துகள்கள் விழும் இடத்தில் அதன் வர்க்கமூலமான 10 அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். அது 10 விழுக்காடு. 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, வெறும் 1 விழுக்காடு. இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளுக்கு முதன்மைக் காரணம் இந்த ஏற்ற இறக்கம்தான். ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். ஐஎஸ்ஓ, வானொலியின் ஒலிக்குமிழ் மாதிரி. திருகினால் பாட்டும் கூடும், இரைச்சலும் கூடும்.

கைப்பேசி இதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பல படங்களை விரைவாக எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடும். அசையாத மரத்துக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ரொட்டி தட்டும் பாட்டியின் கை அசைந்தால் குழப்பம்தான்.

இனி லென்ஸ். என் கணக்கில் பணத்தின் பெரும் பங்கு இங்கேதான் போக வேண்டும். லென்ஸின் குவியத் தூரத்தை அதன் ஒளித்துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது 'எஃப்' எண். கேமராவோடு சேர்த்து விற்கும் 18-55 மி.மீ. லென்ஸை 50 மி.மீ. பக்கம் நீட்டினால் எஃப் எண் 5.6 ஆகிவிடும். 50ஐ 5.6ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 9 மி.மீ. நிலையான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் அது ஏறத்தாழ 28 மி.மீ. விட்டம் மூன்று மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்குக்கும் மேல். பாசிக்காட்டில் முதல் லென்ஸுக்கு 1/10 விநாடி தேவைப்பட்டால், இரண்டாவதற்கு ஏறக்குறைய 1/100 விநாடி போதும். 1/10 விநாடியில் கை நடுங்கும், இலை ஆடும், படம் கலங்கும். 1/100இல் அந்தத் தொல்லை மிகவும் குறையும். இந்த வகை லென்ஸ்கள் சில நூறு ரிங்கிட்டிலேயே கிடைக்கின்றன. சிறிய சமையலறைக்கு 50 நெருக்கமாகத் தோன்றினால் 35 மி.மீ. பாருங்கள்.

ஆகவே புதுக் கேமராவும் மங்கலான லென்ஸும் வாங்குவதைவிட, பழைய ஏபிஎஸ்-சி கேமராவும் ஒளிமிக்க லென்ஸும் வாங்குவது மேல். நிறுவனங்கள் கண்ணாடியில்லா கேமராக்களுக்கு மாறிவிட்டதால், கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர்கள் இரண்டாம் கையாக மலிவாகக் கிடைக்கின்றன. நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் குவிய மோட்டார் கிடையாது. அவற்றுக்கு மோட்டார் உள்ள லென்ஸா என்று கேட்டு வாங்குங்கள்.

மூடுபனிக்கு இன்னொரு தந்திரம் வேண்டும். தன் முன்னால் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணக்கில்தான் கேமரா ஒளியை அளக்கிறது. வெள்ளைப் பனியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிவிடும். கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானில் +1 வையுங்கள், பனி வெள்ளையாகும். 'ரா' கோப்பில் பதியும் வசதியும் இருக்கட்டும். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384 படிகள். பனியின் மெல்லிய வேறுபாடுகளைப் பிற்பாடு பிரித்தெடுக்க இவை உதவும். தானியங்கிக் குவியம் பனியில் தடுமாறினால் அருகிலுள்ள தேயிலைச் செடியின் கறுத்த ஓரத்தைக் காட்டுங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்களை எடுப்பதென்றால், அவர்கள் எந்த நாட்டவராயினும், முதலில் கேட்டுவிட்டு எடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது கைவிளக்கு கொண்டுபோங்கள். லென்ஸின் பின்புறமிருந்து ஒளி பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிட்ட கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிறகு கேமராவை எஃப் 16இல் வைத்து வானத்தை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளிகளாகக் காட்டும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

பூஞ்சை நம் ஊர் ஈரக் காற்றில் செழித்து வளரும். தோல் பையில் வைத்து அலமாரியில் பூட்டுவது அதற்கு விருந்து வைப்பது போல. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஓர் ஈரப்பத மானியும் போட்டு, 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருங்கள்.

கீழே தாப்பாவுக்கு இறங்கும்போதும் கவனம் வேண்டும். பிரிஞ்சாங்கின் 18 பாகை செல்சியஸ் குளிரில் இருந்த கேமராவை அங்குள்ள சூடான ஈரக் காற்றில் சட்டென்று எடுத்தால், ஐஸ் தண்ணீர்க் குவளையின் வெளிப்புறம்போல லென்ஸ் வியர்த்துவிடும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். கேமரா மெல்லச் சூடேறும். ஈரம் படிந்தாலும் பையின் வெளிப்புறத்தில்தான் படியும்.