ஆனைக்கொய்யா நாற்றும் மண்ணின் காவலரும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் வாங்கும் ஆனைக்கொய்யா பெரும்பாலும் மலைநாட்டிலிருந்து வருவது. உண்டபின் எஞ்சும் வித்தைப் பொலித்தீன் பையில் ஊன்றி வளர்ப்போர் பலர். செழித்து வந்த நாற்று மாரியில் திடீரென வெளிறி வாடுவதுண்டு. நீர் போதவில்லை எனக் கருதி மேலும் நீரூற்றுவர். அதுவே அதன் முடிவை விரைவுபடுத்துகின்றது. வாட்டம் இலையில் தோன்றினும் நோய் வேரிலேயே உள்ளது.

இவ்வேரழுகலின் முதன்மைக் காரணி பைற்றொப்தொரா சின்னமோமி. 1922 இல் றான்ட்ஸ் என்பவர் சுமாத்திராவின் கறுவா மரங்களில் கண்டு இதற்குப் பெயரிட்டார். நமது கறுவாவும் ஆனைக்கொய்யாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது கருதத்தக்கது. பங்கசு போலத் தோன்றினும் இது உண்மைப் பங்கசு அன்று. இதன் இயங்குவித்திகள் மண்ணீரில் நீந்திச் சென்று நுண்வேர்களைத் தாக்க, அவை கறுத்து நொறுங்குகின்றன.

இப்பகைக்கு எதிரியும் மண்ணிலேயே உண்டு. திரைக்கோடேர்மா என்னும் பங்கசு பிற மண்பங்கசுக்களைப் பற்றியழிப்பதை 1932 இல் வைன்ட்லிங் எடுத்துக்காட்டினார். அது வேரைச் சூழ்ந்து இடத்தையும் உணவையும் முந்திக் கொள்கின்றது. நோயாக்கியின் கலச்சுவரை நொதியங்களாற் சிதைக்கின்றது. தாவரத்தின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகின்றது. சூடோமோனாசு புளோரசன்சு என்னும் பற்றீரியாவோ மண்ணின் இரும்பைக் கவர்ந்து பகையைப் பட்டினி போடுகின்றது.

ஆயினும் நுண்ணங்கி மந்திரமன்று. அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்தில் ஒரு தோட்டத்தில் நோயாக்கி இருந்தும் மரங்கள் நலமுடன் நின்றன. மூடுபயிரும் கோழியெருவும் தொலமைற்றும் நெடுங்காலம் இடப்பட்ட மண் அது. 1974 இல் வெளியான புறோட்பென்ற், பேக்கர் ஆகியோரின் ஆய்வு, அம்மண்ணின் காப்பாற்றல் அதில் வாழும் நுண்ணங்கிகளைச் சார்ந்ததெனக் காட்டியது. ஊட்டம் பெற்ற மண்ணே காவலரையும் வாழவைக்கும்.

எனவே நாற்று நடுமுன்பே, நன்கு மக்கிய கூட்டெருவுடன் திரைக்கோடேர்மாவைக் கலத்தல் வேண்டும். பையில் நீர் தேங்கலாகாது. அழுகிய வேரை இது மீட்பதில்லை. வருமுன் காப்பதே இதன் பணி. பங்கசுநாசினியை உடன் ஊற்றின் காவலரும் மடியலாம்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் திடீரெனத் தடை விதிக்கப்பட்டது. விளைச்சல் வீழ, அவ்வாண்டிறுதிக்குள் அது கைவிடப்பட்டது. உயிருள்ள மண் ஆணையினால் ஓரிரவிற் பிறப்பதில்லை. இவ்வறிவு ஆய்வுகூடத்தைக் கடந்து, நாற்றுமேடைத் தொழிலாளியின் கைக்கு அவர்தம் மொழியிற் சென்று சேர்வதே இன்றைய தேவை.