கூம்புக் காயும் குறுக்கலகும்

எமது மலையகத்தில் பயணம் செய்வோர் வீதியோரப் பைனஸ் காடுகளையும் அவற்றின் கீழே உதிர்ந்து கிடக்கும் கூம்புக் காய்களையும் கண்டிருப்பர். செதில்கள் விரிந்து வித்துகள் பறந்துவிட்ட அக்காய்களை வீட்டில் அலங்காரத்துக்காக வைப்போரும் உண்டு. ஆனால், காய் இறுக மூடியிருக்கையில் உள்ளிருக்கும் வித்தை எடுப்பது இலேசான காரியமல்ல. அதற்கென்றே அமைந்த அலகைக் கொண்ட பறவையொன்று பல பைனஸ் இனங்களின் தாயகமான வட அமெரிக்காவில் வாழ்கின்றது.

குறுக்கலகுக் குருவி என நாம் அழைக்கக்கூடிய இப்பறவையின் மேலலகும் கீழலகும் நுனியில் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து நிற்கும். பார்ப்போருக்கு இது பிறவிக் குறைபாடு போன்றே தோன்றும். எனினும், அலகு நுனியைச் செதில்களுக்கிடையே செலுத்தி, கீழலகைப் பக்கவாட்டில் அசைத்து இடைவெளியை விரித்து, நாவினால் வித்தை எடுப்பதற்கு இதுவே உகந்த கருவியாகும்.

றொக்கி மலைத்தொடரின் பெரும்பகுதியில் லொட்ஜ்போல் பைனஸ் வித்துகளைப் பெருமளவில் உண்பது சிவப்பு அணிலாகும். அது காய்களை முந்திக்கொண்டு பறித்துச் சேமித்துவிடுவதால் பறவைக்கு மிச்சமே கிடைக்கின்றது. எனவே, அங்குள்ள மரங்களின் தற்காப்பும் அணிலுக்கு எதிராகவே அமைந்துள்ளது. அவற்றின் காய்கள் அடிப்புறம் அகன்று, வித்துகள் குறைந்து காணப்படுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஏனைய காடுகளிலிருந்து விலகித் தீவுபோல நிற்கும் சவுத் ஹில்ஸ், அல்பியன் ஆகிய மலைகளில் இந்த அணில் இல்லை. அங்கு காய்கள் பெரியவை, வித்துகளும் அதிகம். ஆனால், பறவை அதிகமாக நாடும் நுனிப்பகுதியில் செதில்கள் தடித்துள்ளன. மெல்லிய செதில் கொண்ட மரங்கள் வித்துகளைப் பறிகொடுக்க, தடித்த செதில் கொண்டவற்றின் வித்துகளே கூடுதலாகத் தப்பி முளைத்தன. தடித்த செதிலைத் திறக்கவல்ல பருத்த அலகுடைய பறவைகளே அங்கு நிலைபெற்றன. பறவையால் மரமும் மரத்தால் பறவையும் மாறிய இக்கதையைக் கிரெய்க் பெங்க்மன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1990களிலிருந்து ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தனர். இப்பறவை கசியா குறுக்கலகுக் குருவி என்ற தனி இனமாக 2017இல் அங்கீகரிக்கப்பட்டது.

இந்த ஏற்பாடு எவ்வளவு எளிதில் குலையக்கூடியது என்பதற்குக் கனடாவின் சைப்பிரஸ் ஹில்ஸ் சான்றாகும். அணில் இல்லாதிருந்த அம்மலைகளிலும் பருத்த அலகுடைய குறுக்கலகுக் குருவிகள் வாழ்ந்தன. 1950இல் மனிதர்கள் அங்கு சிவப்பு அணில்களைக் கொண்டுசென்று விட்டனர். அதன் பின்னர் அப்பறவைகள் மறைந்துபோயின.

ஐடஹோவில் ஆபத்து வேறு உருவில் வந்துள்ளது. அங்குள்ள காய்கள் பல பிசினால் மூடப்பட்டு, ஆண்டுக்கணக்கில் மரத்திலேயே தங்கி, காட்டுத்தீயின் வெப்பத்தில் திறப்பவை. பறவைக்கு அது வற்றாத களஞ்சியமாகும். ஏனைய குறுக்கலகுக் குருவிகளைப் போல உணவு தேடி அலையாமல், ஏறத்தாழ 70 சதுர கிலோமீற்றர் பைனஸ் காட்டுக்குள்ளேயே இது வாழ்வதற்கும் அதுவே காரணம். கோடை வெப்பம் மிகும்போதோ தீயின்றியே காய்கள் திறந்து வித்துகளைக் கொட்டிவிடுகின்றன. 2003இன் பின்னரான ஆண்டுகளில் பறவைகளின் தொகை வெகுவாக வீழ்ச்சியடைந்தமைக்கு இதனையே ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டினர்.

2020 செப்டெம்பரில் சவுத் ஹில்ஸ் பகுதியில் பெருந்தீ பரவியது. எரிந்த நிலத்தில் பைனஸ் மீண்டும் முளைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அக்கன்றுகள் வளர்ந்து, மூடிய காய்களைப் போதியளவு சேர்த்துக்கொள்ளப் பல தசாப்தங்கள் செல்லும். வேறிடம் சென்று பழகாத கசியா பறவைக்கு அதுவரை உள்ளவை தீயிலிருந்து தப்பிய மரங்கள் மாத்திரமே.