வழிகளைப் பிரித்து வைக்கும் விவேகம்

கணினிகளுக்கிடையே செல்லும் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே பிரயாணம் செய்கின்றன என்பதையும், ஒவ்வொரு பொட்டலத்தின் விலாசத்தையும் பார்த்து அது போகவேண்டிய திசையை நிர்ணயிக்கும் ரூட்டிங் அட்டவணை இயங்குதளத்தின் உள்ளே இருக்கிறது என்பதையும் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். சாதாரணமாக ஒரு யந்திரத்துக்கு ஓர் அட்டவணை போதும். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற இரண்டு நிறுவனங்களுக்கு ஒரே யந்திரம் வழிகாட்ட நேர்ந்தால் சங்கடம் தோன்றுகிறது. 192.168 என்று தொடங்கும் விலாசங்களை யாரும் தம் உள்வலையில் சுதந்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது 1996 முதல் நிலவும் விதியாதலால், 192.168.1.10 என்ற விலாசம் இரண்டு இடங்களிலும் இருப்பது சகஜமே; ஊர்ப் பெயரின்றித் தெருப் பெயர் மட்டும் எழுதிய கடிதத்தைப் பெற்ற தபால்காரரைப்போல அந்த ஒற்றை அட்டவணை தடுமாறும்.

தியோ டி ராட் 1995இல் தொடங்கி, கனடாவின் கால்கரியிலிருந்து நடத்திவரும் ஓப்பன்பிஎஸ்டி என்னும் இயங்குதளம் இதற்குக் கண்ட உபாயம் மிக நேர்த்தியானது. தத்தமக்கெனத் தனி அட்டவணை கொண்ட, 0 முதல் 255 வரை எண்ணிட்ட ரூட்டிங் டொமைன்களை அதில் அமைக்கலாம். ஒவ்வொரு வலை இடைமுகமும் ஒரு டொமைனுக்கு மட்டுமே உரியது. அண்டைக் கணினிகளைப் பற்றிய குறிப்புகளும், யந்திரம் தன்னையே அழைக்கும் 127.0.0.1 என்ற விலாசமுங்கூட டொமைன்தோறும் தனித்தனியே உண்டு. ஒரு டொமைனில் தொடங்கிய நிரல் தோற்றுவிக்கும் மற்ற நிரல்களும் அந்த டொமைனையே சுவீகரித்துக்கொள்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பொட்டலம் தானாகக் கடப்பதில்லை. பிஎஃப் என்னும் வடிகட்டியில் நிர்வாகி விதி எழுதியோ, பேர் என்ற இரட்டை இடைமுகத்தால் இணைத்தோ அனுமதித்தால்தான் கடக்கும்.

இதன் மேன்மை நன்கு விளங்குவது, பொட்டலங்களை மறைகுறியிட்டு அனுப்பும் வயர்கார்டு என்னும் சுரங்கவழியில்தான். இணையத்தைத் தொடும் இடைமுகத்தை 1ஆம் டொமைனில் வைத்து, சுரங்கத்தின் உள்வாயிலை மட்டும் 0ஆம் டொமைனில் நிறுத்திவிட்டால், சுரங்கம் அறுந்துபோன சமயத்திலும் 0ஆம் டொமைனிலுள்ள நிரல்கள் மறைகுறியிடாத பாதையில் வெளியேற முடியாது. அப்படியொரு பாதை அவற்றின் அட்டவணையிலேயே இல்லை. "போகாதே" என்று தடைவிதி எழுதுவதைக் காட்டிலும் போகும் வழியையே இல்லாமற் செய்வது உறுதியான பாதுகாப்பு என்பது என் திடமான அபிப்பிராயம். விதி எழுதுவோர் களைப்பிலோ அவசரத்திலோ ஒரு வரியை விட்டுவிடக்கூடும் அல்லவா?

லினக்ஸும் 2015இல் விஆர்எஃப் என்ற பெயரில் இத்தகைய வசதியைப் பெற்றது. எனினும் இந்தப் பிரிவினை வலைப் பாதைகளுக்கு மட்டுமே உரியது. கோப்புகளையும் பயனர் அதிகாரங்களையும் அது பிரிப்பதில்லை. ஆகவே அவற்றுக்கு வேண்டிய காவலை நிர்வாகிகள் தனியே செய்துகொள்ள வேண்டும்.